மூச்சு விடும் வட்டங்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பெயர் கேட்பது நெறிமுறைக் குழுவுக்கு ஆகாது என்பார் பேராசிரியர். நெறிமுறைக் குழு என்பது மூன்றாம் மாடியில் எப்போதும் சாத்தியே கிடக்கும் ஓர் அறை. கதவிடுக்கில் படிவத்தைத் தள்ளிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால் முத்திரையோடு திரும்பி வரும். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று யாரும் தட்டிப் பார்த்ததில்லை. முத்திரை விழுகிறது, அது போதாதா?

ஆக, மருத்துவமனையிலிருந்து வந்த இருபத்து நான்கு நர்சுகளும் ஒன்று முதல் இருபத்து நான்கு வரை ஆனார்கள். ஜன்னல் இல்லாத அறை. மேசைமேல் ஒரு திரை, திரைக்குக் கீழே கண் எங்கெங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளும் கறுப்புப் பட்டை, மூலையில் ஒரு கேமரா. பக்கத்து நாற்காலியில் நோட்டும் கையுமாக ஆய்வு மாணவி.

அவளைப் பென்சில் என்று கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதனால். ஆராய்ச்சியில் ஐந்தாவது வருடம். "இன்னும் என்னதான்டி படிக்கிற?" என்று அம்மா போனில் கேட்டால், "டேட்டாவைப் படமா வரையறேன்மா" என்பாள். "படம் வரையறதை நீ ஒண்ணாங்கிளாஸ்லயே செஞ்சியே" என்பாள் அம்மா. அதற்குப் பதில் சொல்ல ஐந்து வருடமாக முயன்றுகொண்டிருந்தாள்.

வரைந்திருந்த படம் இதுதான். திரையில் முப்பது வட்டங்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு படுக்கை. நோயாளியின் விரலில் மாட்டிய கிளிப் அனுப்பும் எண்களை வைத்து வட்டம் மெல்ல விரியும், மெல்லச் சுருங்கும். ஆள் நலம் என்றால் வெளிர் நீலம். சரியில்லை என்றால் ஆரஞ்சு. ஆபத்து என்றால் சிவப்பு. இதற்கு 'அமைதித் திரை' என்று பேராசிரியர் பெயர் வைத்திருந்தார்.

"எண்ணைக் காட்டுறது யாரு வேணும்னாலும் செய்யலாம்மா," என்பார். "நம்ம டேட்டா மூச்சு விடணும்."

சொல்லும்போதே ஆழமாக ஒரு மூச்சை இழுத்து, கண்ணை மூடி, இரண்டு வினாடி நிறுத்துவார். மாநாடுகளில் அந்த இரண்டு வினாடிக்குக் கைதட்டல் விழும்.

பதினேழாம் எண்காரி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வார்டில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் நேராக அடுக்கி வைத்தாள்.

"எது சிவப்பாகுதோ அதை அமுக்கணும் சிஸ்டர், அவ்வளவுதான்," என்றாள் பென்சில். "பண்ணும்போது மனசுல ஓடுறதைச் சத்தமா சொல்லிக்கிட்டே பண்ணுங்க."

"சத்தமாவா? மனசுல ஓடுறதையெல்லாம் சத்தமா சொல்லியிருந்தா என்னை எப்பவோ வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க பாப்பா."

மற்றவர்கள் சிவப்பைப் பார்த்த ஒன்றரை வினாடியில் அமுக்கினார்கள். பதினேழு ஒவ்வொரு முறையும் பதினோரு வினாடி எடுத்துக்கொண்டாள். சிவப்பு அவள் கண்ணில் படாமல் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, மற்ற இருபத்தொன்பது நீலத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் விரலைத் திரைக்குக் கொண்டுபோனாள். கறுப்புப் பட்டை அந்தச் சுற்றை ஒன்று விடாமல் பதிவுசெய்தது.

"எதுக்கு சிஸ்டர் மத்ததையெல்லாம் பாக்குறீங்க? அதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கா, இல்ல சும்மா இருக்கான்னு பாக்குறேன்." திரையில் ஒரு வட்டத்தைத் தொட்டாள். "இப்ப இது இருக்கு. இவரு விரல்ல இருக்கிற கிளிப் கழண்டு விழுந்துட்டா இது என்ன காட்டும்?"

"அதை நாங்க இன்னிக்கு டெஸ்ட் பண்ணலை சிஸ்டர்."

"வார்டுல அதுதானே தினமும் நடக்கும்? இருமினா கழலும். பாத்ரூம் போறவங்க தாங்களே கழட்டித் தலகாணிக்கு அடியில வெச்சிருவாங்க. அப்ப இது என்ன பண்ணும்? அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டே இருக்குமா?"

பென்சில் காதிலிருந்து பென்சிலை எடுத்து நோட்டில் ஒரு வரி எழுதினாள். பதினேழு அதை எட்டிப் பார்க்கவில்லை. எழுதுவதைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையசைத்தாள். "ஆங், குறிச்சுக்கோ."

பென்சில் குறித்துக்கொண்ட வரி: 'பங்கேற்பாளர் 17 - பணிக்குத் தொடர்பில்லாத கேள்விகள்.'

போகும்போது, எல்லோருக்கும் கொடுத்ததுபோல, நீல வட்டம் அச்சிட்ட ஒரு காபிக் கோப்பையை அவளுக்கும் கொடுத்தார்கள்.

உண்மையில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. முதல் வடிவத்தில், கிளிப் கழன்றால் வட்டம் அசைவை நிறுத்திச் சாம்பல் நிறமாகிவிடும். பென்சிலே செய்ததுதான். ஆனால் முதல் கட்டப் பரிசோதனையில், 'இந்தத் திரை உங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது?' என்ற கேள்விக்கு ஏழுக்கு நான்குதான் கிடைத்தது. ஆங்காங்கே சாம்பல் புள்ளிகள், பார்க்க அழுது வடிகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள்.

"இந்த அழுக்கு நமக்குத் தேவையா?" என்றார் பேராசிரியர். "கிளிப் திரும்பி மாட்டுற வரைக்கும் கடைசியா வந்த எண்ணையே வெச்சு ஓட்டிருங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல எப்படியும் மாட்டிருவாங்க."

பென்சில் புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். சாம்பல் போனது. கிளிப் இருந்தாலும் கழன்றாலும் வட்டம் நீலமாக மூச்சு விட்டது. மதிப்பெண் நான்கிலிருந்து ஆறரைக்கு ஏறியது.

புள்ளிவிவரம் பார்த்துக்கொடுப்பவன் அடுத்த மேசைக்காரன். எதைக் கேட்டாலும் சராசரி என்ன என்று கேட்பதால் சராசரி என்றே பெயர்.

"பதினேழை என்ன பண்றது?" என்று அவனிடம் கேட்டாள்.

"தூக்கிரு தாயே. பதினோரு வினாடியாம்! சிவப்பைப் பார்த்து அமுக்கச் சொன்னா ஊர்வலம் போயிட்டு வந்திருக்காங்க. இவங்க ஒருத்தரால நம்ம வரைபடம் இடுப்பு ஒடிஞ்ச மாதிரி நிக்குது."

"தப்பா இருக்காதா?"

"தப்பா? அடிக்குறிப்புல போட்டுட்டா எதுவும் தப்பில்ல."

ஆறாம் பக்கத்து அடிக்குறிப்பில் போட்டார்கள்: 'ஒரு பங்கேற்பாளரின் மறுமொழி நேரம் சராசரியிலிருந்து மிகவும் விலகியிருந்ததால், அவரது தரவு நம்பகமற்றது எனக் கருதி நீக்கப்பட்டது.' கட்டுரைக்கு அந்த வருடத்தின் சிறந்த கட்டுரை விருது கிடைத்தது. விருது மேடையில் பேராசிரியர் இரண்டு முறை மூச்சை இழுத்து நிறுத்தினார்.

மருத்துவமனை நிர்வாகிக்கு விருதைவிடக் கட்டுரையின் ஒரு வாக்கியம் பிடித்திருந்தது: ஒரே ஒருவர் மேசையில் இருந்தபடி முப்பது நோயாளிகளைக் கண்காணிக்க முடியும். திரையை வார்டில் மாட்டினார்கள். ஷிப்டுக்கு நான்கு நர்சுகள் இருந்த இடத்தில் இரண்டாக்கினார்கள். ஓயாத பீப் சத்தம் நர்சுகளின் காதை மரத்துப்போகச் செய்கிறது என்று கட்டுரையின் முதல் பத்தியில் இருந்ததால், படுக்கையோர இயந்திரங்களின் சத்தத்தையும் நிறுத்தினார்கள். வார்டு அமைதியானது. பார்வையிட வந்தவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எவ்வளவு நிம்மதியா இருக்கு!" என்றார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, மதியம் மூன்றே காலுக்கு, ஒன்பதாம் படுக்கைக்காரரின் மனைவி மாற்றுத் துணியோடு வார்டுக்குத் திரும்பி வந்தாள். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். வயது நாற்பத்திரண்டு. பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள், மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். உள்ளங்காலைத் தொட்டாலே கூச்சத்தில் துள்ளுவார். அதனால் அவள் போர்வைக்கு வெளியே தெரிந்த காலை விளையாட்டாகச் சுரண்டினாள். கால் இழுத்துக்கொள்ளவில்லை. மறுபடி சுரண்டினாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

கிளிப் போர்வை மடிப்பில் கிடந்தது. மேசைத் திரையில் ஒன்பதாம் வட்டம் நீலமாக, சீராக, அழகாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் வந்து, முயன்று, கையை எடுத்து, போர்வையை முகத்துக்கு இழுத்துவிட்ட பிறகும் விட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் கடைசியில் திரையின் பிளக்கைப் பிடுங்கினார்.

அன்று வேலையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஒரு நோயாளியை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போயிருந்தாள். மேசையில் இருந்தவளைப் பணியில் கவனக்குறைவு என்று அன்று மாலையே இடைநீக்கம் செய்தார்கள்.

பத்து நாளில் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. நடந்ததைத் துறைசாராதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் ஒரு வரைபடமாகத் தயாரித்து விசாரணைக் குழுவுக்கு அனுப்பவும். பேராசிரியர் அதைப் பென்சிலிடம் தள்ளினார். "அழகா பண்ணிருங்க. பெரிய மனுஷங்க பாப்பாங்க."

கூட வந்த கோப்பைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் இடைநீக்கமானவளின் அடையாள அட்டைப் படம். பென்சிலுக்கு அந்தப் பெயரைத் தெரியாது. முகத்தைத் தெரிந்தது. நாற்காலிக்கு அடியில் நேராக அடுக்கியிருந்த செருப்பு நினைவுக்கு வந்தது.

வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தாள். 'அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டே இருக்குமா?' என்று பதினேழு கேட்கிறாள். கேமராவுக்கு வெளியே பென்சில் தாளில் கீறும் சத்தம் கேட்கிறது.

சராசரி பின்னால் வந்து நின்று முழுவதையும் பார்த்தான். அது அவன் வழக்கமில்லை.

"இதைக் காட்டினா அவங்களைக் காப்பாத்திரலாம்ல?" என்றாள் பென்சில். "இந்த ஓட்டையை முன்னாடியே கண்டுபிடிச்சவங்களே அவங்கதான். நாமதான் கேக்கலை."

"காட்டினா உன் ஆய்வேடு என்னாகும்? அடுத்த மாசம் கையெழுத்துப் போடப்போறது யாரு? இந்த ஆளுதானே?"

"தெரியும்."

"அப்ப திருப்பி வெச்சிரு. நான் பாக்கலை. நீயும் பாக்கலை."

அவள் வீடியோவை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் பார்த்தார். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

"பங்கேற்பாளரோட அடையாளம் வெளிய போகக் கூடாதும்மா. அது நம்ம தொழிலோட புனிதம்."

ஒப்புதல் படிவங்கள் வைக்கும் அலமாரி அவருக்குப் பின்னால்தான் இருந்தது. பூட்டு உடைந்து இரண்டு வருடம் ஆகிறது. மேல்தட்டிலிருந்த ஒரு கட்டுப் படிவத்தின் பின்பக்கங்களில் யாரோ மதியச் சாப்பாட்டு ஆர்டர் எழுதியிருந்தார்கள்.

"அவங்களே சம்மதிச்சு எழுதிக் கொடுத்தா?" என்றாள் பென்சில்.

பேராசிரியர் மூச்சை இழுத்து இரண்டு வினாடி நிறுத்தினார். இந்த முறை கைதட்ட ஆளில்லை. பிறகு, அவள் எதிர்பார்க்காத விதமாக, சிரித்தார்.

"கொடுத்தா தாராளமா காட்டுங்க. நான் எதுக்குத் தடுக்கப் போறேன்?"

இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்ல மனிதர், வீணாகத் தப்பாக நினைத்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள்.

பதினேழின் வீடு நான்காம் மாடியில். லிப்ட் கிடையாது. கூடத்தில் பாதியை அவள் கணவரின் வேலை மேசை அடைத்திருந்தது. அவர் சாவி செய்பவர். மேசை முழுக்கப் பித்தளைப் பொடி. அரங்களைச் செருகி வைத்திருந்த கோப்பையில் நீல வட்டம் இருந்தது.

"போன தடவை கையெழுத்து வாங்கிட்டுக் கப்பு கொடுத்தீங்க," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல். "இந்தத் தடவை என்ன, தட்டா?"

"சும்மா இருங்களேன். புள்ள மாடி ஏறி வந்திருக்கு," என்றாள் பதினேழு. பென்சிலுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் இருந்தும் சேலையை வார்டுக்குப் போகிறதுபோல இறுக்கிப் பின் குத்தியிருந்தாள். பத்து நாளில் கண்ணுக்குக் கீழே சதை தொங்கிவிட்டது.

"அன்னிக்கு ரெண்டு தடவை பார்த்தேன் பாப்பா ஒன்பதை. நீலம். எழுந்து போய்ப் பாக்கலாம்னா இருபத்திரண்டாம் பெட்ல வாந்தி, அஞ்சாம் பெட்ல டிரிப் தீந்துபோச்சு, போன் வேற அடிக்குது. ரெண்டு பேரு நாங்க. அப்புறம்..." நிறுத்தினாள்.

"அப்புறம் என்ன சிஸ்டர்?"

"நான்தான் உன்கிட்டக் கேட்டேனே. நீயும் நோட்டுல எழுதிக்கிட்ட. படிச்சவங்க, எழுதினா சரி பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன். அந்த நெனப்புல இருந்துட்டேன்."

அரம் தேய்க்கும் சத்தம் நின்றது. பென்சில் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் எழுதியதைச் சொல்லாமல் வீடியோவுக்குத் தாவினாள்.

"நீங்க கேட்டது வீடியோவுல இருக்கு சிஸ்டர். அதைக் காட்டினா தப்பு உங்க மேல இல்லைன்னு தெரிஞ்சிரும். பதினேழாம் நம்பர் நான்தான்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

"என்னத்தைக் கிழிக்கப் போறாங்க?" என்றார் கணவர். "அவங்க ஆளுங்க, அவங்க படம், அவங்க ரூம். நீ கையெழுத்துப் போடாத."

"நான் ஒருத்தரைக் கொன்னுட்டேன்னு பேப்பர்ல எழுதி வெச்சிருக்காங்க," என்றாள் பதினேழு. "அவரு சம்சாரம் என்னைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். இல்லைன்னு சொல்ல ஒரு துண்டு சீட்டு இருந்தா நான் ஏன் போடக் கூடாது?"

போட்டாள். தன் முழுப்பெயரை, தகப்பன் பெயரோடு, கோணாமல் எழுதினாள்.

விசாரணை அறையில் நீளமான மேசை. அதற்குப் பின்னால் தலைமை மருத்துவர், நிர்வாகி, சட்ட ஆலோசகர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். பேராசிரியர் முன்வரிசையில். பின்வரிசையில் பேருந்துக்காரரின் மனைவி, அதே மாற்றுத் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

முதலில் பென்சிலின் வரைபடம். ஒரு கோடு, நோயாளியின் கிளிப் அனுப்பியது. இன்னொரு கோடு, திரை காட்டியது. இரண்டும் ஓர் இடம்வரை ஒன்றாக வந்து, பிறகு முதல் கோடு இல்லாமல் போகிறது. இரண்டாவது அலை அலையாகத் தொடர்கிறது.

"ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார் தலைமை மருத்துவர். "நல்ல வேலை."

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் மனைவி பின்னாலிருந்து. அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை. "முதல் கோடு நின்ன பிறகு, இந்தப் படத்துல இவரு எவ்வளவு நேரம் உயிரோட இருந்தாரு?"

வரைந்தவள் என்பதால் பென்சில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நாப்பத்தொரு நிமிஷம்."

மனைவி பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வீடியோ. பதினேழு நேராக உட்கார்ந்து தன்னையே திரையில் பார்த்தாள். கேள்வி வந்தது. 'அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டே இருக்குமா?' பென்சில் குழுவின் முகங்களைப் பார்த்தாள். வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

"நிறுத்துங்க," என்றார் தலைமை மருத்துவர். "மறுபடி போடுங்க."

மறுபடி போட்டார்கள். சட்ட ஆலோசகர் இந்த முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பான பிறகு எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்காங்க? பத்து வினாடி இருக்குமா?"

"பதினொண்ணு," என்றார் பேராசிரியர், பணிவாக. "அது ஏற்கெனவே வெளியான முடிவுதான் சார். ஆறாம் பக்கம் அடிக்குறிப்பு. ரொம்ப மெதுவா இருந்ததால, நம்பகமில்லைன்னு ஒரு பங்கேற்பாளரை நாங்க நீக்கினோம். அது யாருன்னு நாங்க சொல்லவே இல்ல, சொல்லவும் மாட்டோம். இன்னிக்கு அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க."

நிர்வாகி குறித்துக்கொண்டார். பேராசிரியர் அன்று சிரித்த சிரிப்பு இப்போதுதான் பென்சிலுக்கு முழுதாகக் கேட்டது.

"சார், அவங்க மத்த படுக்கைகளைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க," என்றாள் எழுந்து. "அதுக்குத்தான் நேரம் ஆச்சு. கிளிப் கழண்டா என்னாகும்னு கேட்டது அவங்க ஒருத்தங்கதான்."

"அதைத்தான் நானும் கவனிச்சேன்." தலைமை மருத்துவர் பதினேழின் பக்கம் திரும்பினார். "அப்ப, கிளிப் கழண்டா திரை காட்டாம போகலாம்னு உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்திருக்கு."

"கேட்டேன் சார்."

"இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சு சார். அதனாலதான் கேட்டேன்."

"தெரிஞ்சும் அன்னிக்கு எழுந்து போய்ப் படுக்கையைப் பாக்கலை. தெரியாதவங்க செஞ்சா கவனக்குறைவு. தெரிஞ்சவங்க செஞ்சா அதுக்குப் பேரு வேற."

"முப்பது பெட் சார். ரெண்டு பேரு."

"ஆள் எண்ணிக்கை இந்த விசாரணைக்குத் தொடர்பில்லாதது," என்றார் நிர்வாகி, குறிப்பேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பென்சில் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். "சார், கழண்டா சாம்பல் நிறமாகுற மாதிரிதான் முதல்ல செஞ்சிருந்தோம். அதை எடுத்தது நான். என் கையால எடுத்தேன்."

"நீங்க யாரு?"

"ஆய்வு மாணவி."

"மாணவிகளை விசாரிக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. உட்காருங்க."

உட்கார்ந்தாள். பதினேழு அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. ஊசி போடும் முன் நோயாளியைப் பார்க்கிற மாதிரி, பயப்படாதே என்கிற மாதிரிப் பார்த்தாள்.

இடைநீக்கம் பணிநீக்கமானது. உத்தரவில், 'ஆபத்தை அறிந்திருந்தும்' என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தது. ஆதாரம் என்ற இடத்தில் வீடியோவின் எண். வேறு எந்த ஆதாரத்தையும் குறிப்பிடவில்லை, தேவைப்படவில்லை.

பென்சில் அந்த ஒரு வரியைத் திரும்ப மாற்றி, சாம்பல் நிறத்தைக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு அனுப்பினாள். இப்போது மாற்றினால் முன்பு தவறு இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சட்ட ஆலோசகர் சொல்ல, அதை ஏற்றாமலே விட்டார்கள். பதிலுக்குத் திரைக்குக் கீழே பிளாஸ்திரியால் ஒரு தாளை ஒட்டினார்கள்: 'வட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம்.' ஷிப்டுக்கு இன்னும் இரண்டு பேர்தான்.

பேராசிரியர் அடுத்த கட்டுரையை ஆரம்பித்தார். திரைகள் மீது மனிதர்கள் வைக்கும் அளவுகடந்த நம்பிக்கை பற்றி. "நம்ம பதினேழு இருக்காங்களே, அருமையான உதாரணம்மா," என்றார். அதே கையோடு பென்சிலின் ஆய்வேட்டிலும் கையெழுத்துப் போட்டார். சராசரி எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிவந்தான். பென்சில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அது ஈரமாகும்வரை அப்படியே இருந்தாள்.

மறுவாரம் பதினேழிடமிருந்து போன்.

"பாப்பா, முதல் தடவை நான் கையெழுத்துப் போட்ட பாரத்தோட நகல் எங்கிட்ட இருக்கு. இவரு எடுத்துப் படிச்சாரு. நாலாவது வரியைக் கேளு. 'எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் கூறாமல், நீங்கள் இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். உங்கள் பதிவுகள் அழிக்கப்படும்.' இப்படித்தானே போட்டிருக்கு?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப நான் விலகிக்கிறேன். அந்த வீடியோவை அழிச்சிரு. வேலை போனது போகட்டும். நான் கேட்ட கேள்வியை வெச்சே எனக்கு ஆணி அடிச்சிருக்காங்க. அதை இன்னும் நாலு பேரு கட்டுரையில படிக்க வேணாம். காரணம் கேட்டா சொல்ல மாட்டேன். சொல்ல வேணாம்னுதான் போட்டிருக்கே."

பின்னால் அரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

பென்சில் விலகல் படிவத்தை எடுத்து நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள். மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவிடுக்கில் தள்ளினாள். ஒரு வாரம் காத்திருந்தாள். முத்திரையோடு திரும்பி வந்தது.

'பங்கேற்பாளர் 17 இந்த ஆய்விலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்டவர். ஆய்வில் இல்லாத ஒருவர் அதிலிருந்து விலக இயலாது. காணொளி விசாரணை ஆவணமாகிவிட்டதால் அதுவும் எங்கள் வரம்புக்கு உட்பட்டதல்ல. விண்ணப்பம் முடிக்கப்பட்டது.'

படிகளில் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு திரும்பி மேலே ஏறி, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, அந்தக் கதவைத் தட்டினாள். சத்தம் இல்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் கதவுவரை வந்து நின்றது.

"யாரு?"

"பதினேழாம் நம்பர் விஷயமா..."

"எதுவா இருந்தாலும் இடுக்குல தள்ளிட்டுப் போங்க," என்றது குரல்.